விருந்தாளியும் சாவியும்

கலைஞன் ஒருவனை ஒரு சிற்றூர் அழைக்கிறது. தங்க வீடு தருகிறது. வேலை செய்ய, பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்துவிடுகிறது. பயணச் செலவு, சாப்பாடு, சாமான்கள் எல்லாம் அழைத்தவர்கள் பொறுப்பு. இரண்டு மூன்று மாதங்கள் இருந்து, ஏதோ ஒன்றைச் செய்து வைத்துவிட்டு அவன் போய்விடுகிறான். இந்த ஏற்பாட்டில் யார் யாருக்குக் கடன்பட்டவர்கள்?

நண்பர்கள் சிலரிடையே இந்தப் பேச்சு வந்தபோது இரண்டு பதில்கள் தயாராகக் கிடைத்தன. கலைஞன் கலைக்கு மட்டுமே கடன்பட்டவன், ஊருக்கு அல்ல என்றார் ஒருவர். ஊராரின் உப்பைத் தின்றவன் ஊராருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்றார் மற்றவர். முன்னவர் கவிதை எழுதுகிறவர்; பின்னவர் தொழிற்சங்கவாதி. இரண்டுமே சௌகரியமான பதில்கள் என்று எனக்குப் பட்டது. முதல் பதிலில் கலைஞன் தப்பித்துக்கொள்கிறான். இரண்டாவதில், ஊருக்கு எது பயன் என்று தீர்மானிக்கிற அதிகாரி யாரோ ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறார். கலைஞனை வரவழைத்த ஊர் இந்த இரண்டு பதில்களிலுமே வாய் திறப்பதில்லை. அது சோறு போடுகிறது, அவ்வளவுதான்.

ஊரையும் பேசவைத்துப் பார்க்க ஓர் உதாரணம் வேண்டும். எனக்குத் தெரிந்தவற்றுள் யோசிக்க அதிக இடம் தருவது ஜப்பானின் ஷிகொக்குத் தீவில், தொகுஷிமா மாகாணத்தில் உள்ள காமியாமா. நான் அங்கே போனதில்லை. படித்தும் படங்களில் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். போகாத ஊருக்கு வழி சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். வழி சொல்லவில்லை, ஒரு சந்தேகத்தைக் கேட்கத்தான் அந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

1

காமியாமா மலைகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் ஊர். 1955இல் ஐந்து கிராமங்களைச் சேர்த்து ஒன்றாக்கியபோது அங்கே 20 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது 5 ஆயிரத்தைச் சுற்றித்தான். நிலத்தில் பெரும்பகுதி காடு. அந்தக் காட்டிலும் பெரும்பகுதி, யுத்தத்துக்குப் பிறகு மரவியாபாரத்தை நம்பி வரிசை வரிசையாக நடப்பட்ட ஸுகி மரங்கள். வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கத் தொடங்கியபின் அந்த நம்பிக்கை போயிற்று. அதோடு பிள்ளைகளும் நகரங்களுக்குப் போனார்கள். சுடாச்சி என்கிற எலுமிச்சை ஜாதிச் சிறுகாய் மிஞ்சியது. வயதானவர்கள் மிஞ்சினார்கள். காலி வீடுகள் மிஞ்சின.

இந்த ஊர் வெளியாரோடு பழகக் கற்றுக்கொண்டது ஒரு பொம்மையால். 1927இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானியப் பள்ளிகளுக்கு நட்பின் அடையாளமாக 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் அனுப்பப்பட்டன. யுத்தம் வந்ததும் அவை எதிரியின் பொம்மைகள் ஆகிவிட்டன. பெரும்பாலானவற்றை எரித்தார்கள், உடைத்தார்கள். காமியாமாவின் பள்ளி ஒன்றில் ஆலிஸ் என்ற பொம்மை தப்பிப் பிழைத்தது. 1991இல் ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் பொம்மையை அது புறப்பட்டு வந்த பென்சில்வேனியா ஊருக்கே எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். இப்படிப் போய்வந்தவர்களிடையே உருவான பழக்கமும் அமைப்பும்தான் 1999இல் கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் திட்டமாயிற்று.

ஆண்டுதோறும் கோடையின் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை, ஜப்பானியரும் வெளிநாட்டினருமாக, பெரும்பாலும் மூன்று கலைஞர்கள். ஊர்க்காரர்கள் கொண்ட குழு இதை நடத்துகிறது. ஒவ்வொரு கலைஞருக்கும் ஊரிலிருந்து 'அப்பா' ஒருவர், 'அம்மா' ஒருவர் என்று பொறுப்பேற்பது வழக்கம். கடைக்குக் கூட்டிப்போவது, மரம் வேண்டுமென்றால் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது, ரம்பம் இரவல் வாங்கித் தருவது, பாஷை தெரியாதவனுக்குக் கைஜாடையில் விஷயத்தை விளக்குவது எல்லாம் இவர்கள் வேலை. 1929இல் கட்டிய யோரிஇஸா என்ற பழைய நாடகக் கொட்டகை கண்காட்சிக்கு உதவுகிறது. அதன் கூரையின் உட்புறம் முழுக்க அந்தக் காலத்துக் கடைகளின் விளம்பரப் பலகைகள். சில படைப்புகள் ஓஆவா மலையின் மரங்களுக்கிடையே விடப்பட்டிருக்கின்றன. வெயிலும் மழையும் பாசியும் அவற்றின் மேல் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

இதுவரை விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம், தொடக்கத்திலேயே அவர்கள் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. இந்த முயற்சியின் முக்கியஸ்தர்களில் ஒருவர் ஓமினாமி ஷின்யா. கட்டுமானத் தொழில் செய்தவர். அவர் விளக்கும் நியாயம் இது: கலையை வைத்து ஓர் ஊரை முன்னேற்ற இரண்டு வழிகள். புகழ்பெற்றவர்களின் படைப்புகளைச் சேர்த்து, அதைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்புவது ஒன்று. அதற்குப் பணம் வேண்டும், கலையை எடைபோடத் தெரிந்தவர்கள் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. எனவே படைப்பைப் பற்றி யோசிப்பதை விட்டோம். வந்து தங்குகிற கலைஞன் நிறைவோடு இருக்கிறானா என்பதை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு மரியாதை ஏற்பட்டது. சற்றுப் பொறுத்துச் சந்தேகம் ஏற்பட்டது.

2

மரியாதைக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நிர்வாகிகளை நம்மில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. சந்தேகத்துக்குத்தான் காரணம் சொல்லவேண்டும்.

நான் வங்கியில் குமாஸ்தா. ஈடு இல்லாத கடனை எங்கள் தொழில் எப்போதும் முகம் சுளித்துத்தான் பார்க்கும். காமியாமா கொடுப்பது ஈடு இல்லாத கடனைவிட ஒரு படி மேல். அது கணக்கே எழுதாத கடன். நீ என்ன செய்தாலும் சரி, நாங்கள் எடைபோடமாட்டோம் என்கிறது. உபசாரம் என்ற வகையில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் கலை என்ற வகையில்? ஒரு கவிஞனிடம், 'நீ என்ன எழுதினாலும் சரி, நீ சந்தோஷமாக இருந்தால் போதும்' என்று யாராவது சொன்னால், அவன் கவிஞனாக அவமதிக்கப்படுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறந்த பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாம், நோயாளியிடம் சொல்லலாம். சிருஷ்டி செய்கிறவனிடம் சொல்லக்கூடாது. நம் வீடுகளில் எழுதுகிறவனிடம் காட்டப்படும் பிரியம் பெரும்பாலும் இந்த ரகம்தான். 'ஏதோ எழுதுவான்' என்பார்கள். பிரியம் இருக்கும். படித்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் காமியாமா செய்வது நல்ல உபசாரம், மோசமான கலைப்பார்வை என்று முடித்துவிடலாமா? முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த மண்ணில் உபசாரம் என்ற சொல்லுக்கே வேறு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஷிகொக்குத் தீவைச் சுற்றி 88 கோயில்கள் கொண்ட யாத்திரை ஒன்று உண்டு. நடந்தால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கூகாய் என்ற பௌத்தத் துறவியின் பேரால் அது நடக்கிறது. அவர் காலம் 774 முதல் 835 வரை. கோபோ தாய்ஷி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். யாத்திரிகனுக்கு வழியிலுள்ள ஊர்க்காரர்கள் பழம், தேநீர், சோறு, சில்லறை, சில சமயம் இரவு தங்க இடம் என்று தருவதை 'ஓஸெத்தாய்' என்கிறார்கள். அதை மறுக்கக்கூடாது என்பது சம்பிரதாயம். யாத்திரிகன் தனியாக நடப்பதில்லை, தாய்ஷியும் கூடவே நடக்கிறார், கொடுப்பது அவருக்கு. தவிர, நடக்க முடியாத கிழவி தந்த ஆரஞ்சு அவளுக்குப் பதிலாக மலையேறுகிறது. வாங்கிக்கொண்டவன் தன் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைப் பதிலுக்குத் தருகிறான். கணக்கு அதோடு சரி.

12ஆவது கோயிலான ஷோஸான்ஜி காமியாமாவில்தான் இருக்கிறது. யாத்திரையிலேயே கடுமையான ஏற்றங்களில் ஒன்று அது. அந்தக் கோயிலுக்குக் கீழே ஒரு கதை முடிகிற இடமும் இருக்கிறது. எமோன் ஸபுரோ என்ற பணக்காரன் வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்த துறவியை விரட்டினான், ஓட்டைப் பிடுங்கி உடைத்தான். ஓடு எட்டுத் துண்டாயிற்று. அவனுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறந்தார்கள். வந்தவர் தாய்ஷி என்று புரிந்து, மன்னிப்புக் கேட்க அவரைத் தேடித் தீவை 20 முறை சுற்றினான். கிடைக்கவில்லை. 21ஆவது முறை எதிர்த்திசையில் சுற்றினான். இந்த மலையடிவாரத்தில் விழுந்து சாகும் தறுவாயில் அவரைக் கண்டான் என்பது ஐதீகம்.

விருந்தை மறுத்தால் பாவம் என்கிற நீதியாக மட்டும் இதைப் படிக்கலாம். அப்படித்தான் பெரும்பாலும் படிக்கப்படுகிறது. எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்காரனாக இருந்து தவறு செய்தவன் அந்தத் தவறைப் புரிந்துகொள்ள விருந்தாளியாக மாறவேண்டியிருந்தது. தெருவில் நின்று, பிறர் வாசலைப் பார்க்கவேண்டியிருந்தது. வாசலுக்கு உள்ளேயிருப்பவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் இடையேயுள்ள தூரத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவனுக்குத்தான் அது தெரியும் என்று கதை சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

யாத்திரிகனை ஊர் எடைபோடுவதில்லை என்பதில் அர்த்தம் இருக்கிறது. அவன் எதையும் செய்து வைத்துவிட்டுப் போவதில்லை. அவன் காலடி மறுநாள் மழையில் போய்விடும். கலைஞன் அப்படியல்ல. அவன் ஊரைப் பார்க்கிறான், பார்த்ததை வைத்து ஒன்றைச் செய்கிறான், செய்ததை அங்கே விட்டுவிட்டோ எடுத்துக்கொண்டோ போகிறான். எடுத்துப்போனால் ஊரின் ஒரு பகுதி ஊருக்குத் தெரியாமல் ஊரைவிட்டுப் போகிறது. விட்டுவிட்டுப் போனால் ஊர் அதோடு வாழவேண்டியிருக்கிறது. யாத்திரிகனின் பெயர்ச்சீட்டு போல லேசான பொருள் அல்ல அது.

தமிழில் விருந்து என்ற சொல்லின் பழைய அர்த்தம் புதுமை. புதிதாக வந்தவனுக்கு அது பெயரானதும், அவனுக்கு இடும் சாப்பாட்டுக்குப் பெயரானதும் அடுத்தடுத்த நகர்வுகள். இப்போது சாப்பாடு மட்டும் நிற்கிறது, புதுமை போய்விட்டது. கலைஞனை அழைக்கிற ஊர் அந்தப் பழைய அர்த்தத்தில்தான் விருந்தை அழைக்கிறது. புதிய ஒன்றை வரவழைப்பவனுக்கு அதை வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது விருந்தல்ல, குடியேற்றம்.

3

குடியேற்றம் என்று நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், மெக்ஸிகோ எல்லைக்குச் சற்று வடக்கே, பாலைவனப் புல்வெளியில் மார்ஃபா என்ற சிற்றூர் இருக்கிறது. 2020இல் அதன் ஜனத்தொகை 1,800க்கும் குறைவு. சிற்பி டொனால்ட் ஜட் 1971இல் அங்கே முதலில் வந்தார். நியூயார்க்கின் மியூஸியங்களும், படைப்புகளை அடிக்கடி இடம் மாற்றி மாற்றி வைக்கும் பழக்கமும் அவருக்குச் சலித்துவிட்டிருந்தன. படைப்பு ஓரிடத்தில் நிரந்தரமாக, அதற்கான வெளிச்சத்தில், அதற்கான கட்டடத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1973 முதல் கட்டடங்களை வாங்க ஆரம்பித்தார். ஊரோரத்தில் கைவிடப்பட்டிருந்த ராணுவ முகாமும் வந்து சேர்ந்தது. 1986இல் அது சினாட்டி என்ற ஸ்தாபனமாகப் பார்வைக்குத் திறக்கப்பட்டது. பின்னர் பிற கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யவும் அங்கே ஏற்பாடு உண்டாயிற்று. ஜட் 1994இல் இறந்தார்.

பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் அவருடைய 100 அலுமினியப் பெட்டிகள் இருக்கின்றன. வெளியளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே. உள்ளமைப்பு ஒவ்வொன்றிலும் வேறு. பக்கங்களில் இருந்த பழைய கொட்டகைக் கதவுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்ததால் நாள் முழுவதும் வெளிச்சம் அவற்றின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. படங்களில் பார்த்தே நான் பிரமித்தேன். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டு செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த முகாமில் இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மன் கைதிகளை வைத்திருந்தார்கள். அனுமதி இல்லாதவர் நுழையக்கூடாது என்று ஜெர்மனில் எழுதிய எச்சரிக்கை கொட்டகைச் சுவரில் இருக்கிறது. ஜட் அதை அழிக்கவில்லை.

அந்த ஊருக்கு அவருக்கு முந்திய சரித்திரம் ஒன்று உண்டு. மெக்ஸிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கென்று தனியாகப் பிரித்து வைத்த பிளாக்வெல் பள்ளிக்கூடம் அங்கே 1965 வரை நடந்தது. 1954இல் அந்தப் பிள்ளைகளை ஸ்பானிஷ் பேசமாட்டோம் என்று துண்டுக் காகிதங்களில் எழுதவைத்து, அந்தக் காகிதங்களைப் பெட்டியில் போட்டுக் கொடிக்கம்பத்தடியில் புதைத்தார்கள். தாய்மொழிக்குச் சவ அடக்கம். பின்னாளில் இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியவர்கள் கலைஞர்களல்ல. அதில் படித்து வயதாகிவிட்ட பழைய மாணவர்கள். 2022இல் அது தேசிய சரித்திரச் சின்னமாகச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது.

ஜட்டைப் பார்க்க வந்தவர்களில் வசதியுள்ளவர்கள் வீடு வாங்கினார்கள். சுடாத மண் செங்கல்லால் கட்டிய வீடு அங்கே ஏழைகளின் வீடு. வந்தவர்களின் கண்ணுக்கு அது அழகாகப் பட்டது. விலை ஏறியது. 2017 வாக்கில் வரி மதிப்பீட்டு அலுவலகம் மண்வீடுகளைத் தனி ரகமாகப் பிரித்துக் கூடுதல் மதிப்புப் போடத் தொடங்கியது. மூன்று தலைமுறையாக அதே மண்சுவருக்குள் இருந்தவர்கள், தங்கள் வீடு தங்களுக்குத் தெரியாமலே கலைப்பொருளாகிவிட்டதற்காக வரி கட்ட வேண்டியதாயிற்று.

இதற்கு ஜட்டைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமும் அல்ல. அவர் மண்வீட்டை விலை ஏற்ற வரவில்லை. பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றினார், ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்தார். நான் சொல்லவருவது ஒன்றே ஒன்று. மார்ஃபாவில் கலைஞன் விருந்தாளியாக வரவில்லை, வாங்குகிறவனாக வந்தான். வாங்கியவனிடம் வேண்டாம் என்று சொல்ல ஊருக்கு வாசல் எதுவும் மிச்சம் இல்லை. அந்தப் பெட்டிகளின் மகத்துவம் இந்த விஷயத்தில் எந்தப் பதிலும் ஆகாது. மகத்தான படைப்பு என்பதால் கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்று நினைப்பது நம் வர்க்கத்தின் மூடநம்பிக்கை.

காமியாமாவிலும் கலைஞர்களைத் தொடர்ந்து வேறு ஆட்கள் வந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. 2010இலிருந்து தோக்கியோ கம்பெனிகள் சில அங்கே சிறு அலுவலகங்கள் வைத்தன. 2011இல் ஊரைவிட்டுப் போனவர்களைவிட வந்து குடியேறியவர்கள் அதிகம். அந்த ஊர் உண்டானதிலிருந்து அது முதல் தடவை. 2023இல் புதிய தொழில்நுட்பக் கல்லூரியே திறந்துவிட்டார்கள். கலைஞன் முன்னால் போகிறான், பணம் பின்னால் வருகிறது என்ற கதை இங்கேயும் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். காலி வீடுகளை ஊர் சந்தைக்கு விட்டுவிடவில்லை. இந்த வீட்டுக்கு ரொட்டி சுடுகிறவர் வேண்டும், இந்த வீட்டுக்கு இன்ன தொழில் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டு ஆட்களை வரவழைத்தார்கள். ஜப்பானியக் கிராமங்களில் காலி வீட்டைக் கூட வாடகைக்கு விடத் தயங்குவார்கள். உள்ளே மூதாதையரின் பூஜைமாடம் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஓபோன் நாட்களில் பிள்ளைகள் வருவார்கள். அந்தத் தயக்கத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு வீடாகத் திறக்கவேண்டியிருந்தது. மெதுவான காரியம். மெதுவாக நடந்ததாலேயே யாருக்குத் திறப்பது என்ற கேள்வி ஊரின் கையை விட்டுப் போகவில்லை.

4

ஊரிடம் மறுக்கும் உரிமையைக் கொடுத்தால் நவீன கலை பிழைக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆர்ல் ஊரை ஞாபகப்படுத்துவீர்கள். 1888 பிப்ரவரியில் அங்கே வந்த வான்கோவை அடுத்த வருஷமே அடைத்துவைக்கச் சொல்லி ஏறக்குறைய 30 பேர் மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். இன்று அதே ஊர் அவர் பெயரைச் சொல்லிச் சுற்றுலாக்காரர்களை அழைக்கிறது.

வாஸ்தவம். ஆனால் அந்த மனுவில் மறுக்கப்பட்டது ஒரு மனிதன், படைப்பு அல்ல. அவருடைய ஓவியங்களைப் பார்த்து, இது எங்கள் வயல் இல்லை, எங்கள் வானம் இல்லை என்று யாரும் வழக்காடவில்லை. பார்க்காமல் மறுத்தார்கள். பிற்பாடு பார்க்காமலேயே கொண்டாடவும் செய்யலாம். இரண்டிலும் ஊர் கலையின் முன்னால் நிற்கவில்லை. நான் கேட்பது ஊரின் வாக்கெடுப்பை அல்ல. படைப்பின் முன்னால் ஊர் நிற்கக்கூடிய ஓரிடத்தை. ரசனை தெரியாதவன் பேசக்கூடாது என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவதும், ரசனை தெரியாதவன் சொல்வதே தீர்ப்பு என்று அவன் காலில் விழுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

காமியாமாவின் ஊர்க்காரர்கள் படைப்பை எடைபோடமாட்டோம் என்று சொன்னாலும், வேறு வகையில் எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மரத்தைத் தூக்கிப் பிடிக்கிறவனுக்கு அதன் கனம் தெரியும். ஒருவன் செய்வது மனப்பூர்வமாகவா, பாசாங்கா என்பது கூடவே நின்று ஆணி அடித்தவனுக்குத் தெரியாமல் போகாது. கலைஞன் போனபிறகு எதைச் சுற்றிப் புல் வெட்டுவது, எதைப் பாசிக்கு விட்டுவிடுவது என்கிற தீர்மானமும் ஒரு விமர்சனம்தான். கட்டுரையாக எழுதப்படாத விமர்சனம்.

இந்தத் திட்டத்தில் வந்த படைப்புகளில் ஒன்றைப் பற்றிப் படித்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். 2012இல் இடேட்சுகி ஹிடேஆகி என்ற கலைஞர் மலைக்காட்டுக்குள் சிறிய மரக்கட்டடம் ஒன்றைக் கட்டினார். அது நூலகம். பெயர் 'மறைந்திருக்கும் நூலகம்'. அதில் புத்தகம் வைக்கும் உரிமை ஊர்க்காரர்களுக்குத்தான். அதுவும் வாழ்நாளில் மூன்று தடவை மட்டும்: படிப்பு முடிக்கும்போது, கல்யாணம் செய்துகொள்ளும்போது, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது. புத்தகம் வைத்தவர்களுக்குச் சாவி உண்டு. மற்றவர்கள், அதாவது கலைப்பிரியர்கள், நிபுணர்கள், நானும் நீங்களும், வெளியே நின்று மரச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இதைப் புத்திசாலித்தனமான ஒரு சமத்காரம் என்று ஒதுக்கிவிட முடியுமா என்று நான் கொஞ்சநாள் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. ஓர் ஊரைப் பற்றிக் கலைஞன் சொல்லக்கூடியதை எல்லாம் இவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஊரின் சோகம், ஊரின் அழகு, காலியாகும் பள்ளிக்கூடம் எதையும் படமாக்கவில்லை. காலியான அலமாரியைக் கட்டிக் கொடுத்தார். அதில் எந்தப் புத்தகம் வரும், யார் வைப்பார்கள், வைக்காமலே போவார்களா என்பது ஊரின் பொறுப்பு. ஊர் அதை மறுக்கலாம். கூச்சல் போடாமல், மனுக் கொடுக்காமல், புத்தகம் வைக்காமலே மறுக்கலாம். அப்படி மறுத்தால் படைப்பு செத்துவிடும். இந்தச் சாவை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்டது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. ஜெர்மன் எச்சரிக்கை எழுதிய கொட்டகையின் சாவி ஸ்தாபனத்திடம் இருக்கிறது. இந்த மரக்கட்டடத்தின் சாவி, ஓய்வு பெற்ற ஏதோ ஓர் ஆசிரியையின் மேஜை டிராயரில் இருக்கலாம்.

ஆரம்பக் கேள்விக்கு இப்போது ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஊருக்குக் கலைஞன் பட்ட கடன், ஊருக்குப் பயன்படுவதால் தீர்வதல்ல. ஊரைப் புகழ்வதாலோ ஊரைப் பற்றி உண்மையை எழுதுவதாலோகூடத் தீர்வதல்ல. தான் செய்ததை ஊரின் மறுப்புக்கு எட்டும் தூரத்தில் வைப்பதுதான் அவன் செலுத்தக்கூடியது. மறுக்க முடிந்தவனே ஏற்கவும் முடிந்தவன். மற்றதெல்லாம் உபசாரம் மட்டுமே.

5

இதை எழுதும் யோக்யதை எனக்கு இல்லை. ஏன் என்று சொல்லாமல் முடித்தால் கட்டுரை பொய்யாகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் கரிசல் பகுதியில் ஒரு சிற்றூர்க் கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். மூன்று வருஷம். நகைக்கடன் கவுண்டர். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊர்க்காரர்களைவிட முன்னதாக அந்தக் கவுண்டருக்குத் தெரியும். விதைப்புக்கு ஒருமுறை, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒருமுறை என்று ஒரே ஜோடித் தோட்டை வைத்து, மீட்டு, மறுபடி வைக்கிற ஓர் அம்மாள் வருவாள். மீட்ட அன்று கவுண்டர் முன்னாலேயே போட்டுக்கொண்டு, 'இருக்கா பாருங்க சார்' என்று என்னிடம் காட்டிவிட்டுப் போவாள். ஒருதடவை மீட்க முடியாமல் போயிற்று. நான் அதைக் கதையாக எழுதினேன். பெயர் மாற்றினேன், தோட்டை மூக்குத்தி ஆக்கினேன். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் வந்தது. நண்பர்கள் நல்ல கதை என்றார்கள். அடங்கிய தொனி, மிகையில்லாத முடிவு என்று ஒருவர் கடிதம் எழுதினார். அந்த முந்நூறில் ஒன்றுகூட அந்த ஊருக்குப் போகவில்லை. போகாது என்று தெரிந்துதான் எழுதினேன். இது வங்கி ரகசியம் பற்றிய பயம் மட்டுமல்ல. அவள் படித்து, 'அப்படி இல்ல சார்' என்று சொல்லிவிட்டால் என் கதைக்கு என்ன ஆகும் என்ற பயம்.

மாற்றல் வந்து கிளம்புகிற அன்று எங்கள் கிளைக்கு நகை உரசிப் பார்க்க வருகிற ஆசாரி, பெரியவர், டீ வாங்கிக்கொடுத்தார். 'சார் எங்க ஊரப்பத்தி ஏதோ எழுதியிருக்கீகளாம்ல. குடுத்துட்டுப் போங்க, பேரன வாசிக்கச் சொல்லிக் கேக்கேன்' என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பிரதி கைவசம் இல்லை, ஊருக்குப் போய்த் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். என் தோள்பையில் அப்போது மூன்று பிரதிகள் இருந்தன.

நாம் எல்லோரும், இந்தப் பத்திரிகையில் எழுதுகிற நாற்பது ஐம்பது பேரும், ஏதாவது ஓர் ஊரின் சோற்றைத் தின்று அந்த ஊருக்கு எட்டாத இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஜனங்களுக்கு நம் எழுத்து புரியாது என்று சொல்லும்போது நம் குரலில் வருத்தம் இருக்கிறது. அதில் எவ்வளவு நிம்மதியும் கலந்திருக்கிறது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

ஆசாரிக்கு நான் இன்னும் அனுப்பவில்லை.